மாட்டுக் கணக்கும் பேக்கப் கணக்கும்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஆய்வுக்கூடத்தின் பொது பேக்கப் சர்வரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது பேருக்கு மேல் பயன்படுத்தினார்கள். மொத்தம் 40 டெராபைட். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. விதிமுறை ஒரே பக்கம், அதை எழுதியதும் நான்தான். அதில் ஒரு வரி: "அனைவரும் பொது இடத்தை நியாயமான முறையில் பயன்படுத்த வேண்டும், அளவுக்கு மீறிய பயன்பாடு தடுக்கப்படலாம்."

எழுதும்போது நல்லாத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு ஆய்வு மாணவி வந்தார். "அண்ணா, லேப்டாப் ஆனே ஆகல. சர்வீஸ்ல டிஸ்க் போச்சுன்னுட்டாங்க. பேக்கப்ல இருந்து எடுத்துக் குடுங்க." பத்து நிமிஷ வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். அவருடைய கடைசி பேக்கப் 11 வாரம் பழசு. பொது இடம் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு ராத்திரியும் பேக்கப் முயன்றிருக்கிறது, இடம் இல்லாமல் தோற்றிருக்கிறது, லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டது. அந்த லாக்கை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அடுத்து நடந்தது எல்லா இடத்திலும் நடப்பதுதான். யார் இடத்தை அடைத்தது என்று தேடினோம். ஒரே ஒரு மாணவர் 22 டெராபைட் வைத்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு "டெராபைட் தம்பி" என்று பெயர். கூட்டத்தில் அவரை வைத்துப் பேசினோம். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தக் கட்டுரை நான் எழுதிய அந்த ஒரு வரியைப் பற்றிய விமர்சனம். அந்த வரி என்னுடையது மட்டுமில்லை. பொதுவாக இடம் கொடுக்கும் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலும், கல்லூரி சர்வர்களின் விதிமுறைகளிலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது.

முதலில் அந்த வரி என்ன சொல்லவில்லை என்று பார்ப்போம். எவ்வளவு வரை நியாயம் என்று சொல்லவில்லை. அதை யார் தீர்மானிப்பார்கள் என்று சொல்லவில்லை. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு "படலாம்" என்ற ஒரு விகுதிதான் பதில். நம்ம ஊர் பிராட்பேண்ட் பிளானில்கூட இதைவிட நேர்மை அதிகம். அன்லிமிடெட் என்று விளம்பரம் செய்தாலும், எஃப்யூபி என்று போட்டு, இத்தனை ஜிபி தாண்டினால் வேகம் இவ்வளவாகக் குறையும் என்று எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். எண் பிடிக்கவில்லை என்றால் சண்டை போடலாம். என் வரியோடு சண்டை போடக்கூட முடியாது, பிடிமானமே இல்லை.

எண் இல்லாத நியாயத்துக்கு ஒரு குணம் உண்டு. எல்லாம் நன்றாகப் போகும்வரை அது யாரையும் கட்டுப்படுத்தாது. கெட்டுப்போன பிறகு, ஒருவரைக் குற்றவாளி ஆக்க மட்டும் பயன்படும். முன்கூட்டியே தெரியாத விதியை மீறியதாகப் பின்னால் தீர்ப்புச் சொல்வதற்குப் பெயர் விதிமுறை இல்லை.

பெரிய இடத்து உதாரணம் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2014 அக்டோபரில் ஆஃபீஸ் 365 சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவில் வரம்பில்லாத இடம் தருவதாக அறிவித்தது. 2015 நவம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டது. சொன்ன காரணம்: சில பேர் பல கணினிகளை பேக்கப் எடுக்கிறார்கள், முழு சினிமா சேகரிப்பையும் ஏற்றுகிறார்கள், சில இடங்களில் ஒருவர் 75 டெராபைட்டுக்கு மேல் போய்விட்டார், அது சராசரியைப் போல 14,000 மடங்கு.

இந்த இரண்டு எண்ணையும் வகுத்துப் பாருங்கள். 75 டெராபைட்டை 14,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.4 ஜிபி. அதாவது வரம்பே இல்லை என்று சொல்லியும் சராசரிப் பயனர் ஒரு பென் டிரைவில் அடங்கும் அளவுதான் வைத்திருக்கிறார். ஆனால் தண்டனை யாருக்கு? வரம்பில்லாத இடம் எல்லோருக்கும் 1 டெராபைட் ஆனது. அந்தச் சினிமாக்காரர்களோடு சம்பந்தமே இல்லாத இலவசக் கணக்குகளுக்கும் 15 ஜிபியிலிருந்து 5 ஜிபி என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, பழைய பயனர்கள் கேட்டுக்கொண்டால் 15 ஜிபியை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கிவந்தார்கள். சிலரின் பேரைச் சொல்லி எல்லோரிடமும் பிடுங்குவது என்பது இதுதான்.

அதற்குப் பிறகும் அதே கதைதான். அமேசான் டிரைவ் 2017-இல் வரம்பில்லாத திட்டத்தை நிறுத்தியது. கூகுள், கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்த வரம்பில்லாத இடத்தை நிறுவனத்துக்குப் பொதுவாக 100 டெராபைட் என்று மாற்றப்போவதாக 2021-இல் அறிவித்தது. டிராப்பாக்ஸ் 2023 ஆகஸ்டில் "தேவைப்படும் அளவு இடம்" திட்டத்தை மூடியபோது, கிரிப்டோ எடுப்பவர்களையும் இடத்தை மறுவிற்பனை செய்பவர்களையும் காரணம் காட்டியது. ஒவ்வொரு முறையும் ஒரு பேராசைக்காரர் வருகிறார். விதியை அப்படி எழுதினவர் வருவதில்லை.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டுரை இருக்கிறது. காரெட் ஹார்டின் 1968-இல் சயன்ஸ் இதழில் எழுதிய 'பொதுவுடைமையின் அவலம்'. எல்லோருக்கும் திறந்த மேய்ச்சல் நிலம். ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டால் லாபம் முழுக்க எனக்கு, நிலம் கெடுவதில் நஷ்டம் எல்லோருக்கும் பங்கு. அதனால் ஒவ்வொருவரும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று விட்டுக்கொண்டே போய் நிலம் அழியும். டிஸ்க் நிரம்பியதும் நாங்கள் போட்ட கூட்டத்தில் யாரோ ஒருவர் இதைச் சொல்லத்தான் செய்தார். "ஹியூமன் நேச்சர் சார், ஒண்ணும் பண்ண முடியாது."

ஒண்ணும் பண்ண முடியாதா? எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட புத்தகம், பொது வளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய ஊர்களைப் பற்றிப் பேசுகிறது. அந்த வேலைக்காக 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஹார்டினே 1994-இல், தான் சொன்னது நிர்வகிக்கப்படாத பொதுவுடைமையைப் பற்றித்தான் என்று திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் பிரபலமாகவில்லை.

ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டும் ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமம். ராபர்ட் நெட்டிங் என்ற மானுடவியலாளர் அங்கே ஆய்வு செய்தார். 1517-ஆம் ஆண்டு விதி ஒன்று: பனிக்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவர் கோடையில் பொது மலைப் புல்வெளிக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். அபராதம் போடும் ஊர் அதிகாரிக்கு அதில் பாதி.

இந்த விதியை முதன்முதலில் படித்தபோது எனக்கு பேக்கப் சர்வர்தான் ஞாபகத்துக்கு வந்தது. "நியாயமாக மேய்க்கவும்" என்று அவர்கள் எழுதவில்லை. "ஆளுக்கு ஐந்து மாடு" என்றும் எழுதவில்லை. பொது இடத்தில் உன் பங்கை, உன் சொந்த இடத்தில் நீ சுமக்கும் பாரத்தோடு கட்டிவைத்தார்கள். எண்ணிப் பார்க்கலாம். ஏமாற்றுவது கஷ்டம். பனிக்காலத்தில் யார் தொழுவத்தில் எத்தனை மாடு என்று ஊருக்கே தெரியும்.

பேக்கப் என்பதன் இலக்கணமும் அதுதானே? பேக்கப் என்றால் இன்னொரு இடத்தில் உயிரோடு இருக்கும் ஒன்றின் பிரதி. மூலம் இருந்தால்தான் அது பிரதி. மூலத்தை அழித்துவிட்டு பேக்கப்பில் மட்டும் வைத்திருந்தால் அது பேக்கப்பே இல்லை, ஒற்றைப் பிரதி. தொழுவம் இல்லாத மாடு. ஆக, பொது பேக்கப்புக்கான முதல் விதி: உன் வேலை டிஸ்கில் உயிரோடு எவ்வளவு வைத்திருக்கிறாயோ, அதற்கு ஏற்றபடிதான் இங்கே இடம்.

இதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பேக்பிளேஸ் என்ற நிறுவனத்தின் தனிநபர் பேக்கப், ஒரு கணினிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு அளவுக்கு வரம்பு வைப்பதில்லை. ஆனால் நெட்வொர்க் டிரைவ்களை எடுக்காது. வெளி ஹார்ட் டிஸ்கை அவ்வப்போது கணினியில் செருகிக் காட்ட வேண்டும், இயல்பான அமைப்பில் 30 நாளுக்கு ஒரு தடவை. பனிக்காலத்து விதி வேறு உடையில். அளவைச் சொல்லாமலே அளவு கட்டுப்படுகிறது.

ஆனால் மாட்டுக் கணக்கை அப்படியே தூக்கிவந்தால் மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது, மாறும் வேகம். ஒருவரிடம் 200 ஜிபி இருக்கிறது, தினமும் 2 சதவீதம் மாறுகிறது. 30 நாள் பதிப்புகளை வைத்திருந்தால் முதல் பிரதி 200, அடுத்த 29 நாளுக்குத் தினம் 4, மொத்தம் 316 ஜிபி. இன்னொருவரிடம் 50 ஜிபிதான், ஆனால் அது ஒரே விர்ச்சுவல் மெஷின் ஃபைல். தினமும் திறக்கிறார், ஃபைல் மாறுகிறது. மாறிய பகுதியை மட்டும் எடுக்கத் தெரியாத மென்பொருள் என்றால் தினமும் 50 முழுசாகப் போகும், 30 நாளில் 1,500 ஜிபி. கால்பங்கு வைத்திருப்பவர் ஏறக்குறைய ஐந்து மடங்கு இடம் பிடிக்கிறார், அதுவும் தெரியாமலேயே. அவர் பேராசைக்காரரா? அவருக்கு வேண்டியது அபராதம் இல்லை. "இந்த ஒரு ஃபைலை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும்" என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்ணைக் காட்ட வேண்டும்: உயிரோடு இருப்பது எவ்வளவு, பழைய பதிப்புகள் எவ்வளவு.

இரண்டாவது, பொதுப் பிரதி. இன்றைய பேக்கப் மென்பொருள்கள் பல, ஒரே தரவு பலரிடம் இருந்தால் ஒரு தடவை மட்டும் சேமிக்கும். 300 ஜிபி தரவுத் தொகுப்பு மூன்று பேரிடம் இருக்கிறது, சர்வரில் ஒரே பிரதி. யார் கணக்கில் எழுதுவது? பங்கு போட்டு ஆளுக்கு 100 என்பது பார்க்க நியாயம். லாயிட் ஷேப்லி 1953-இல் கொடுத்த பங்கீட்டுச் சூத்திரத்தைப் போட்டாலும் இதே விடைதான் வரும். ஆனால் ஒருவர் அழித்தால் மற்ற இருவருக்கும் 150 ஆகிவிடும். இரண்டாமவரும் அழித்தால் மூன்றாமவர் ஒன்றுமே செய்யாமல் 300-க்குப் போய் வரம்பைத் தாண்டிவிடுவார். காலையில் எழுந்து பார்த்தால் குற்றவாளி! இதில் ரகசியமும் போய்விடும். என் எண் திடீரென்று குறைந்தால், நான் வைத்திருக்கும் அதே ஃபைல் வேறு யாரிடமோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என் கருத்து: மூன்று பேருக்கும் முழு 300 என்றே எழுத வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. என் கணக்கில் உள்ள எண் என் செயலால் மட்டுமே கூடக் குறைய வேண்டும். அடுத்தவர் செய்ததால் என் எண் மாறுகிறது என்றால் அதை வைத்து என்னிடம் கேள்வி கேட்க முடியாது. பொதுப் பிரதியால் மிச்சமான இடத்தை யார் பெயரிலும் கழிக்காமல், எல்லோருடைய வரம்பையும் கொஞ்சம் உயர்த்தப் பயன்படுத்தலாம். இன்னொரு லாபம்: தரவைக் குறியாக்கம் செய்து அனுப்புகிறவரின் ஃபைல்கள் மற்றவர்களுடையதோடு பொருந்தாது, மிச்சமும் வராது. பங்கு போடும் முறையில், பாதுகாப்பாக இருந்ததற்காக அவர் அதிகம் கட்ட வேண்டிவரும். இந்த முறையில் அது இல்லை.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். மாடு செத்த வீட்டில் என்ன செய்வது? மூலம் உயிரோடு இருந்தால்தான் இடம் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு அமல்படுத்தினால், மூலம் போன அன்றே பேக்கப்பும் போகும். பேக்கப் தேவைப்படுவதே அன்றைக்குத்தான். அதனால் இந்த விதி புதிதாகச் சேர்ப்பதற்கு மட்டும் பொருந்த வேண்டும், இருப்பதை அழிப்பதற்குப் பொருந்தக் கூடாது. மூலம் காணாமல் போனால், "உன் டிஸ்கைக் காணோமே, என்னாச்சு?" என்று முதலில் ஒரு மனிதர் கேட்க வேண்டும்.

இதே காரணத்தால்தான், "இடம் நிரம்பினால் பழைய பதிப்பை அழித்துக்கொள்" என்று மென்பொருளிடம் விட்டுவிடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. ரேன்சம்வேர் வந்து ஒருவருடைய ஃபைல் முழுவதையும் பூட்டிவிட்டது என்று வையுங்கள். பேக்கப் மென்பொருளின் கண்ணுக்கு அது என்ன? எல்லா ஃபைலும் மாறியிருக்கிறது, எல்லாவற்றையும் புதிதாக எடு. இடம் நிரம்புகிறது. பழையதை அழி. எது பழசு? பூட்டப்படாத நல்ல பிரதி. நாமே வைத்த கோட்டா திருடனுக்கு உதவி செய்யும்.

அப்போ வரம்பைத் தாண்டினால் என்னதான் செய்வது? இதற்கு நாற்பது வருஷப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் உருவாக்கி, 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் சேர்ந்த டிஸ்க் கோட்டா. அதில் ஆளுக்கு இரண்டு வரம்பு. மென்வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை, வேலை நிற்காது. மூன்று முறை லாகின் செய்தும் சரிசெய்யவில்லை என்றால் மென்வரம்பே வன்வரம்பு ஆகிவிடும். முதலில் சொல்வது, பிறகு பொறுப்பது, கடைசியில்தான் தடுப்பது. ஆஸ்ட்ரம் பட்டியலிட்ட எட்டுக் கொள்கைகளில் படிப்படியான தண்டனை ஒன்று. அவருடைய புத்தகத்துக்கு ஏழு வருஷம் முன்பே ஒரு யூனிக்ஸ்காரர் அதை நிரலாக எழுதிவிட்டார்.

கவனிக்க வேண்டியது, எச்சரிக்கை போவது மீறியவரின் முகத்துக்கு நேராக, அவர் உள்ளே நுழையும்போது. என் சர்வரில் எச்சரிக்கை போனது ஒரு லாக் ஃபைலுக்கு. அந்த மாணவி இழந்த 11 வாரத்துக்குக் காரணம் அடுத்தவரின் 22 டெராபைட் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினோம். இல்லை. இடம் நிரம்பிய முதல் நாளே அவருக்கு ஒரு மெயில் போயிருந்தால் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருப்பார். மெயில் அனுப்பும் வசதியை இயக்காமல் விட்டது நான்.

டெராபைட் தம்பி விஷயத்துக்கு வருவோம். கூட்டம் முடிந்து ரெண்டு நாள் கழித்து, எதை அழிக்கலாம் என்று பார்க்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சினிமா இல்லை, பாட்டு இல்லை. எல்லாம் மைக்ரோஸ்கோப் படங்கள்.

"இது ஒரிஜினல் எங்க இருக்கு தம்பி?"

"இதுதாண்ணா ஒரிஜினல். மைக்ரோஸ்கோப் கம்ப்யூட்டர்ல ஒரு டெராபைட்தான். ரெண்டு நாள்ல ரொம்பிடும். எங்க வைக்கிறதுன்னு கேட்டப்போ பேக்கப்ல போடச் சொன்னாங்க."

இரண்டு வருஷ வேலை. ஒற்றைப் பிரதி. "அளவுக்கு மீறிய பயன்பாடு தடுக்கப்படலாம்" என்ற என் வரியின் அதிகாரத்தில் அதைத்தான் அழிக்கப் போயிருந்தேன். அவர் பொது நிலத்தைச் சுரண்டவில்லை. தொழுவம் கட்டிக்கொடுக்காமல் மாட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தது ஆய்வுக்கூடம். கருவி வாங்கப் பணம் இருந்தது, அந்தக் கருவி தரும் படங்களை வைக்க இடம் வாங்க யாரும் நினைக்கவில்லை. டோர்பெல் விதி அன்றைக்கே இருந்திருந்தால் முதல் மாதமே மாட்டிக்கொண்டிருக்கும், அவர் இல்லை, நாங்கள். "இந்தத் தரவுக்கு மூலம் எங்கே?" என்று விதியே கேட்டிருக்கும்.

புது விதிமுறையை நான் தனியாக எழுதவில்லை. அவரையும் அந்த மாணவியையும் சேர்த்து நாலு பேர் எழுதினோம். ஒரு பக்கம் மூன்று பக்கம் ஆனது. கருவித் தரவுக்குத் தனி ஸ்டோரேஜ் கேட்டு வாங்கினோம், வருவதற்கு ஏழு மாதம் ஆனது. ஒவ்வொருவருக்கும் எண், வாரம் ஒரு மெயில், பேக்கப் தோற்றால் மறுநாள் காலையே மெயில், அழிப்பதற்கு முன் இரண்டு பேர் கையெழுத்து. "நியாயமான" என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

மாணவி அந்த 11 வார வேலையைத் திரும்பச் செய்தார். முடிக்க ஐந்து மாதம் ஆனது. என்மேல் கோபமா என்று ஒருமுறை கேட்டேன். "உங்க மேல இல்லண்ணா. ஆனா அந்தத் தம்பியப் பார்த்து நானும் சிரிச்சேன்ல, அதுதான்" என்றார்.

உங்கள் இடத்திலும் ஒரு பொது பேக்கப் இருக்கும், அதன் விதிமுறையில் "நியாயமான பயன்பாடு" என்று ஒரு வரியும் இருக்கும். எவ்வளவு, யார் சொல்வது, தாண்டினால் முதலில் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லை என்றால், இன்று சாயங்காலமே உங்கள் கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று பார்த்துவிடுங்கள்.